பனி விழுந்த அன்று கீசர் மக்கர் செய்த கதை

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

2023 ஜூலை 10, திங்கட்கிழமை. 2012க்கு அப்புறம் ஜோகன்னஸ்பர்க்கில் பனி விழுந்த நாள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மா கம்பளியோடு ஜன்னலோரம் நின்று, "ஆடி பொறக்கவே இன்னும் ஒரு வாரம் இருக்கு, இங்க மார்கழி வந்துட்டா?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் குளிக்கப் போனவர் போன வேகத்திலேயே திரும்பி வந்தார். சுடுதண்ணீர் வரவில்லை.

இங்கே பெரும்பாலான வீடுகளில் அறைக்கு அறை சூடேற்றும் ஏற்பாடு கிடையாது. கேஸ் ஹீட்டரை உருட்டிக்கொண்டு அலைவோம். சுடுதண்ணீருக்கு சீலிங்குக்கு மேலே 150 லிட்டர் கீசர் படுத்திருக்கும். அது இருப்பதே கெட்டுப்போனால்தான் ஞாபகம் வரும்.

முதல் இரண்டு நாள் நான் லோட் ஷெட்டிங்கைத்தான் திட்டினேன். அந்த வருஷம் அது உச்சத்தில் இருந்தது, ஒரு நாளைக்குப் பல தடவை கரண்ட் போகும். 150 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுவர கிட்டத்தட்ட 8 யூனிட் வேண்டும். தண்ணீரைச் சூடாக்கும் கம்பியான எலிமென்ட் 3 கிலோவாட் என்றால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் கரண்ட் போனால் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும், கணக்கு சரிதானே? ஆனால் எங்கள் தண்ணீரில் வெதுவெதுப்புகூட இல்லை. அது எனக்கு உறைக்கவே இரண்டு நாள் ஆனது.

பிளம்பர் ஒருவர் வந்தார். மேலே ஏறக்கூட இல்லை. "கீசர் பழசு, மாத்திடலாம்" என்று ஒரு தொகை சொன்னார். அதைக் கேட்டதும் பனியிலும் எனக்கு வியர்த்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு வழி சொன்னார். ப்ரீபெய்ட் மீட்டரில் சின்னதாக ஒரு விளக்கு மினுக்கும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிரேக்கர்கள் இருக்கும் மெயின் பெட்டியான டிபி போர்டில் கீசர் பிரேக்கரை மட்டும் போட்டு அந்த விளக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 1000 துடிப்பு. கீசர் ஓடினால் விநாடிக்கு ஒன்று என்ற அளவில் துடிக்க வேண்டும். அது பேசாமல் இருந்தது. அதாவது எலிமென்ட்டுக்குக் கரண்டே போகவில்லை. எலிமென்ட் அறுந்திருக்கலாம், இல்லை சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் துண்டித்திருக்கலாம். எலிமென்ட்டில் ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்திருந்தால் கரண்ட் கசிந்தால் மெயினைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டாகியிருக்கும், அதுவும் நடக்கவில்லை.

பிரேக்கரை இறக்கி, கீசர் பக்கத்தில் இருக்கும் ஐசோலேட்டர் சுவிட்சையும் அணைத்து, டெஸ்டரால் ஒரு முறைக்கு இரு முறை பார்த்துவிட்டு மூடியைக் கழற்றினோம். எங்கள் தெர்மோஸ்டாட்டில் சின்ன பட்டன் ஒன்று உண்டு, அது வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அழுத்தினேன், 'டிக்' என்றது. மூன்று மணி நேரத்தில் சுடுதண்ணீர். பிளம்பர் சொன்ன தொகையை மிச்சம் பிடித்த பெருமையில் அன்று இரவு எல்லாருக்கும் வடை.

மறுநாள் சாயங்காலம் அம்மா பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்ததும் ஆவி பறந்தது. கையை வைக்க முடியவில்லை. அடுத்த நாள் மறுபடி பச்சைத் தண்ணீர், பட்டனும் மறுபடி வெளியே.

அப்போதுதான் புத்தி வந்தது. தண்ணீர் அளவுக்கு மேல் கொதித்தால் கரண்டைத் துண்டிப்பதுதான் அந்தப் பட்டனின் வேலை. அது ஒழுங்காக வேலை செய்திருக்கிறது, நான்தான் அதன் தலையில் தட்டி மறுபடி உட்கார வைத்தேன். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்ததில், தெர்மோஸ்டாட்டின் உள் முனைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. 60ல் நிற்க வேண்டியது நிற்காமல் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. சில நூறு ராண்டில் புது தெர்மோஸ்டாட், அரை மணி நேர வேலை. எலிமென்ட் நன்றாகத்தான் இருந்தது. மிச்சம் பிடிக்கிறேன் என்று 50க்குக் கீழே வைக்காதீர்கள், லெஜியோனெல்லா கிருமி வளரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

தோங்காட்

லெனேசியாக்காரர் கதையைப் படித்தேன். டர்பன் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் கீசர் கெட்டது வேறு மாதிரி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இங்கே தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. லாரி வந்தால் வாளியோடு ஓடுவோம். அந்த அலைச்சலில் கீசரை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. கீசருக்குள் தண்ணீர் இறங்கி எலிமென்ட் வெறுமனே காய்ந்து கருகிவிட்டது. இப்போதெல்லாம் தண்ணீர் நின்றால் முதல் வேலை பிரேக்கர். தண்ணீர் திரும்பிய பிறகும் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, காற்றுச் சத்தம் அடங்கி ஒழுங்காக வரும்வரை பொறுத்துத்தான் போடுகிறோம்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

கீசரிலிருந்து வந்து வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பைப்பிலிருந்து சொட்டுகிறது என்று பதறுகிறவர்களுக்காக இது. நானும் பதறி இரண்டு தடவை ஆள் கூப்பிட்டவன்தான். சூடாகும்போது தண்ணீர் விரியும். 150 லிட்டர் 15லிருந்து 60 டிகிரிக்குப் போனால் இரண்டு லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அது வெளியே போக வால்வு வழி விடுகிறது, அவ்வளவுதான். எங்கள் ஆயா அந்தச் சொட்டுக்குக் கீழேயே கறிவேப்பிலைக் கன்றை நட்டார். இப்போது தெருவுக்கே இலை கொடுக்கிறோம்.

கீசர் அணைந்திருக்கும்போதும் ராத்திரி பகலாக ஒழுகினால்தான் வால்வைப் பார்க்க வேண்டும். போன வருஷம் எங்களுக்கு அப்படி ஆகி, பிரஷர் வால்வை மாற்றினோம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் தொல்லை தாங்காமல் அந்தப் பைப்பில் மரக்கட்டையை அடித்து அடைத்துவிட்டார். கேட்டதும் நான் ஏணியோடு ஓடினேன். வெளியேற வழியில்லாத கீசர் தலைக்கு மேலே இருக்கும் வெடிகுண்டுதான். கட்டையைப் பிடுங்கும்வரை அவர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி லெனேசியா

சாட்ஸ்வொர்த் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி எங்கள் பைப்புக்குக் கீழே வாளி வைத்தேன். காலையில் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. எல்லாரும் குளித்து முடித்துத் தொட்டி திரும்பச் சூடான பிறகுதான் சொட்டியிருக்கிறது, அப்புறம் நின்றுவிட்டது. கறிவேப்பிலை யோசனை மட்டும் நமக்கு ஒத்துவராது. போன வருஷம் நட்டது முதல் உறைபனியிலேயே கருகிப்போனது.