அக்ரிமெண்ட் முடியுமுன்பே "வீட்டைக் காலி பண்ணு" என்றார்கள்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

சிப்புட் அக்கா:
இரண்டு வருஷ அக்ரிமெண்ட். ஒன்பது மாதம்தான் ஓடியிருந்தது. வாடகை 650 ரிங்கிட், ஒரு மாதம்கூட பாக்கி வைத்ததில்லை. 5ஆம் தேதிக்குள் பேங்கில் போட்டு ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு, பின்பக்கம் செம்பனைத் தோட்டம். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது, இரண்டு வாரத்தில் காலி செய்யுங்கள் என்று ஃபோனில் சொன்னார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் முடியட்டும் என்று கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார். சம்மதித்துவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் நைட் ஷிப்ட் முடித்து காலை 7.40க்கு வந்தால் கேட்டில் புதுப் பூட்டு. என் சாவி உள்ளேயே போகவில்லை. மகள் பாட்டி வீட்டில் இருந்தாள், நல்லவேளை. அவளுடைய நீல பினாஃபோர் மட்டும் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. போலீஸ் பாலாய்க்கு (நிலையத்துக்கு) போனேன். இது சிவில் கேஸ், நாங்கள் தலையிட முடியாது என்றார்கள். ஆனாலும் ஒருவர் வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டுப் பேசினார். மாலை நாலு மணிக்கு வந்து திறந்துவிட்டார்.

முந்தின நாள் இட்லிக்கு மாவு ஆட்டி அடுப்படியில் மேடைமேல் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். அது பொங்கி, மேடையில் வழிந்து, தரை வரைக்கும் வந்து பாதி காய்ந்து கிடந்தது. அந்த மாவில் ஒரு செருப்புத் தடம். பெரிய செருப்பு. எங்கள் வீட்டில் ஆம்பளை இல்லை. ஒரு பொருளும் களவு போகவில்லை. என்னிடம் சொல்லாமல் என் அடுப்படி வரைக்கும் ஒரு ஆள் வந்து நின்றிருக்கிறார். இப்போது வேறு வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னமும் மாவு ஆட்டும்போதெல்லாம் கதவைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பயத்தில் மாதக் கடைசியில் போய்விடுகிறேன் என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். டெப்பாசிட் வரவில்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

லயத்துப்பிள்ளை:
அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எங்கள் கதையில் அக்ரிமெண்ட் என்று ஒன்றே இல்லை. அப்பா 38 வருஷம் தோட்டத்தில் உழைத்தவர், முதலில் பால் மரம் (ரப்பர்) வெட்டினார், கடைசிப் பத்து வருஷம் செம்பனை. ஓய்வு பெற்றதும் தோட்ட ஆபீசிலிருந்து கடிதம் வந்தது, தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்று. நானும் தங்கச்சியும் பிறந்த வீடு. அப்பா கட்டிய கோழிக்கூடு, அம்மா வைத்த கறிவேப்பிலை மரம் எல்லாம் அங்கேதான்.

லோரியில் சாமான் ஏற்றி முடித்தாகிவிட்டது. அப்பாவைக் காணோம். உள்ளே போய்ப் பார்த்தால் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருக்கிறார். நான், "இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்குப்பா?" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூலையிலிருந்து மூலைக்குத் துடைப்பத்தால் தள்ளி, வாசல்படி வரை கழுவிவிட்டு, ஈரக் காலோடு போய் ஆபீசில் சாவியைக் கொடுத்தார். ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

எங்கள் தாத்தா தோட்டத் துண்டாடலைப் பார்த்தவர். வெள்ளைக்காரன் தோட்டத்தை விற்க, வாங்கியவன் கூறுபோட, சனங்கள் சட்டி பானையோடு ரோட்டுக்கு வந்த காலம். 1960இல் தலைவர் வீ. தி. சம்பந்தன் தோட்டங்களை வாங்கக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார். இனி நம்மை யாரும் விரட்ட முடியாது என்று சொல்வாராம். அந்த ரசீதுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. எத்தனை வருஷம் இருந்தாலும் நமக்கு உரிமை கிடையாது, அதுதான் நான் கண்டது.

ஓய்வாசிரியர்:
எல்லாரும் வீட்டுக்காரரைக் குறை சொல்கிறீர்கள். நானும் ஒரு வீட்டுக்காரன், என் பக்கத்தையும் கேளுங்கள். சேமநிதிப் பணத்தில் வாங்கிய ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டேன். அக்ரிமெண்ட் முடிந்து மகள் கைக்குழந்தையோடு ஊர் திரும்புகிறாள். மூன்று மாதம் முன்னாடியே எழுதிக் கொடுத்தேன். அவர்கள் போகவில்லை, வாடகையும் நின்றுபோனது. ஒருநாள் என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறேன். ஒரு சின்னப் பையன் வந்து, "அப்பா இல்லன்னு சொல்லச் சொன்னாரு" என்றான். உள்ளே அவர் இருமுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. அந்தப் பையன் என் பள்ளியில்தான் படித்துக்கொண்டிருந்தான். அவனைப் பொய் சொல்ல வைத்துவிட்டார்களே என்பதுதான் இன்றைக்கும் மனசை அறுக்கிறது.

நான் பூட்டை மாற்றவில்லை. வக்கீல் கடிதம், கேஸ், செலவு என்று எட்டு மாதம் அலைந்தேன். ஆனால் பூட்டை மாற்றுகிறவன் மனசு எனக்குப் புரிகிறது. 1956 சிவில் சட்டம் 28ஆம் பிரிவில், காலம் முடிந்தும் போகாதவரிடம் இரட்டை வாடகை கேட்கலாம் என்று இருக்கிறது. கேட்கலாம், யாரிடம் போய் வசூலிப்பது?

கோலகங்சார் தம்பி:
ஐயா, உங்கள் வலி நியாயம். ஆனால் அக்கா கேஸும் உங்கள் கேஸும் ஒன்றில்லை. அக்காவுக்கு இன்னும் பதினைந்து மாதம் பாக்கி இருந்தது, வாடகையும் ஒழுங்காகக் கட்டினார். பூட்டு மாற்றுகிறவர் மனசு புரிகிறது என்று இந்த இடத்தில் நீங்கள் சொல்லியிருக்க வேண்டாம்.

என் கதை சின்னது. வீட்டை விற்றுவிட்டார்கள், எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு நான் மீன் பொரித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் அளவு டேப்போடு அடுப்படிக்குள் வந்து, "கொஞ்சம் நகருங்க தம்பி" என்று சொல்லிச் சுவரை அளந்தார். கேபினட் அடிக்கவாம். எண்ணெய் கருகும்வரை அப்படியே நின்றேன். அதற்கு அப்புறம்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன். யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதிவிடுகிறேன், நாலு பேருக்கு உதவும்.

நம் மலேசியாவில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. 1950 ஒப்பந்தச் சட்டமும் உங்கள் அக்ரிமெண்டும்தான் எல்லாம். அதனால் முதலில் அதைப் பிரித்து, வீட்டுக்காரர் நடுவில் முடித்துக்கொள்ளலாம் என்று வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எத்தனை மாத நோட்டீஸ் என்றும் போட்டிருக்கும். இல்லையென்றால் மகன் கல்யாணம் ஒரு காரணமே ஆகாது. அவர் ஒப்பந்தத்தை மீறுகிறார், உங்கள் நஷ்டத்தைக் கேட்கலாம். லோரிக் கூலி, புது வீட்டின் கூடுதல் வாடகை எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள். எழுத்தில் எதுவுமே இல்லாமல் மாதா மாதம் கட்டி இருப்பவர்களுக்கு இந்தப் பலம் குறைவு, ஒரு மாத நோட்டீஸில் முடித்துவிடலாம்.

பூட்டு விஷயம்தான் முக்கியம். 1950 குறிப்பான நிவாரணச் சட்டம், மலாயில் ஆக்தா ரெலிஃப் ஸ்பெசிஃபிக், பிரிவு 7(2). வாடகைக் காலம் முடிந்தே போயிருந்தாலும், உள்ளே இருப்பவரை நீதிமன்றம் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். முடிந்த பிறகே இப்படி என்றால் முடியாத காலத்தில் பூட்டை மாற்ற அவருக்கு என்ன அதிகாரம்? வாடகை பாக்கி என்றாலும் வீட்டுக்காரர் தானே வந்து டிவியைத் தூக்க முடியாது. 1951 டிஸ்ட்ரெஸ் சட்டப்படி கோர்ட்டில் வாரண்ட் வாங்கி, கோர்ட் ஆள்தான் வந்து பொருளைப் பிடிக்க வேண்டும். பாலாயில் சிவில் கேஸ் என்றுதான் சொல்வார்கள், பரவாயில்லை, ரிப்போர்ட் எழுதி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தேதியும் நேரமும் அதில் நிற்கும்.

என்னை மாதிரி வீடு விற்கப்பட்டவர்களுக்கு: மூன்று வருஷம் வரையிலான வாடகையைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் 1965 தேசிய நிலச் சட்டம் 213ஆம் பிரிவுப்படி, நில அலுவலகத்தில் கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) குறிப்பு ஏற்றாவிட்டால் புதிதாக வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. யார் ஏற்றுகிறார்கள்? நானும் ஏற்றவில்லை. ஆனால் பழைய வீட்டுக்காரர் என்னிடம் கையெழுத்துப் போட்டவர்தானே. அதைச் சொல்லியே டெப்பாசிட் முழுசும், இரண்டு மாத வாடகையும், லோரிக் கூலியும் வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தேன்.

லயத்துப்பிள்ளை அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லயத்து வீடு வேலையோடு வந்த வீடு, வாடகை வீடு இல்லை. உரிமையே கிடையாது என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வாடகைக்கு இருப்பவர்கள் பயந்து ஓடிவிடக் கூடாது.

அக்கா, நீங்கள் போகிறேன் என்று எழுதிக் கொடுத்ததால் பாக்கி மாதங்களுக்கு நஷ்டம் கேட்பது கஷ்டம், சம்மதித்துப் போனீர்கள் என்பார்கள். டெப்பாசிட் அப்படி இல்லை, அது உங்கள் பணம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கை என்று ஒரு வழி இருக்கிறது, படிவத்தை நாமே நிரப்பிக் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. என் நண்பன் போட்டபோது உச்சவரம்பு 5,000 ரிங்கிட். சந்தேகம் என்றால் ஈப்போவில் அரசாங்கச் சட்ட உதவித் துறை இருக்கிறது. முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: அக்ரிமெண்டில் ஸ்டாம்ப் அடித்ததா? அந்தச் செருப்புத் தடத்தைப் படம் எடுத்தீர்களா?

லயத்துப்பிள்ளை:
தம்பி, சட்டத்தில் அது வேலையோடு வந்த வீடு, தெரியும். 38 வருஷம் வெள்ளை அடித்தது யார் என்று சட்டத்தில் இல்லையே. அதைத்தான் எழுதினேன்.

பழைய கடைவீதி:
தாத்தா காலத்து முடிதிருத்தும் கடை எங்களுடையது. இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தின கட்டடம். 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948 ஜனவரிக்குள் கட்டின கட்டடங்களைக் காத்தது, எங்கள் கடையும் அதில் சேர்த்தி. 1999 கடைசியோடு அது போயிற்று. புது வருஷத்தில் கட்டட முதலாளியான தவுக்கேயின் மகன் வந்து புது வாடகையை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, கண்ணாடி முன்னால் வைத்துவிட்டுப் போனான். வாயால் சொல்லவில்லை. அப்பா ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். தாளைப் பார்த்தார், கத்தியைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்து அந்தப் பாதி முகத்தையும் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். தம்பி சொல்வதெல்லாம் சரி, ஆனால் அன்றைக்கு எங்கள் கையில் ஒரு தாளும் இல்லை. எழுதி வாங்குங்கள் என்று சொல்ல ஆளும் இல்லை.

ஓய்வாசிரியர்:
தம்பி, அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள். படிவம் நிரப்ப, மலாயில் எழுத உதவி வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். கோர்ட் வாசல் எனக்குப் பழகிய வாசல்.

சிப்புட் அக்கா:
நன்றி ஐயா, நன்றி தம்பி. இப்போதுதான் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது, ஸ்டாம்ப் இல்லை. செலவு என்று அவர் வேண்டாம் என்றார், நானும் விட்டுவிட்டேன். டெப்பாசிட் இரண்டு மாதம், லெட்ரிக் தண்ணிக்கு அரை மாதம், எல்லாம் சேர்த்து 1,625.

கோலகங்சார் தம்பி:
ஸ்டாம்ப் இல்லாத தாளைக் கோர்ட் ஆதாரமாக ஏற்காது அக்கா. கையெழுத்துப் போட்ட 30 நாளுக்குள் அடித்திருக்க வேண்டும். இப்பவும் ஹாசிலில் (வருமான வரி வாரியத்தில்) அபராதம் கட்டி அடிக்கலாம். அதை முடித்துவிட்டு ஐயாவிடம் போங்கள். பேங்க் ரசீதுகளை அழித்துவிடாதீர்கள். படம்?

சிப்புட் அக்கா:
எடுக்கவில்லை தம்பி. மகள் வருவதற்குள் சுரண்டித் துடைத்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது.