மறு: மறு: பூட்லோடருக்கு ஒரு சொல் வேணும் (வெள்ளிக்கிழமை அச்சு)

மண்டபம் டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாலை வகுப்புப் பிள்ளைகளுக்காக லினக்ஸ் நிறுவல் கையேடு ஒன்று தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் ஒருவழியாக ஒப்பேறிவிட்டது, கணினியைப் போட்டதும் லினக்ஸை நினைவகத்தில் ஏற்றிவிடும் நிரலான பூட்லோடருக்குத் தமிழ்ச்சொல் மட்டும் நிற்கிறது.

சொல்லாக்க ஆசையில் கேட்கவில்லை. பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் "டீச்சர், பூட் ஆகல" என்கிறார்கள். திரையே வராமல் பீப் பீப் என்று கத்தினாலும் பூட் ஆகல. கிரப் என்கிற பூட்லோடர் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றாலும் பூட் ஆகல. எழுத்தெல்லாம் ஓடி முடித்து, லினக்ஸின் மைய நிரலான கெர்னல் திணறி நின்றுவிடும் கெர்னல் பேனிக்கில் உறைந்தாலும் அதே பூட் ஆகல. மூன்றும் வேறு வேறு கோளாறு, வைத்தியமும் வேறு. போனில் கேட்டால் எது என்று எனக்குப் பிடிபடுவதில்லை. நடுவில் இருப்பதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் பாதித் தலைவலி தீரும். இப்போதைக்கு 'துவக்க ஏற்றி' என்று போட்டிருக்கிறேன்.

தொண்டியார் எழுதியது:

டீச்சர், 'துவக்கம்' வேண்டவே வேண்டாம். தொடு, தொடர், தொடை, தொடக்கம் எல்லாம் ஒரே குடும்பம். துவக்கத்துக்கு அப்பன் பெயர் தெரியாது. "தொடங்கற்க எவ்வினையும் எள்ளற்க முற்றும் இடங்கண்ட பின்அல்லது" (491). வள்ளுவர் துவங்கற்க என்றா சொன்னார்?

இன்னொன்றும் பாருங்கள். இடம் கண்டபின் தொடங்குவதுதான் கிரப்பின் வேலையே. பலகையிலேயே இருந்து கணினியை முதலில் எழுப்பும் நிரல் பயாஸ்; அது உள்ள பழைய கணினியில் வட்டின் முதல் 512 பைட்டில் நிரலுக்கு வாய்ப்பது 446 பைட். அதற்குள் எதை அடைப்பது? துணைக்கோப்புகளை வட்டில் லினக்ஸுக்கு ஒதுக்கிய பிரிவுக்குள்தான் வைத்திருக்கிறது. பையன் விண்டோசுக்குள் போய், படம் இறக்க இடம் பற்றவில்லை என்று அந்தப் பிரிவை அழித்துவிடுகிறான். மறுநாள் 'அப்படியொரு பிரிவே இல்லை' என்று கிரப் கையை விரிக்கிறது. இடம் காணவில்லை, ஆகவே தொடங்கவில்லை. குறளுக்கு இதைவிட நல்ல உரை பரிமேலழகரும் எழுத முடியாது.

முகாம் தம்பி எழுதியது:

டீச்சர், நானும் துவக்கம் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். ஆனால் தொண்டி ஐயா சொன்ன காரணத்துக்காக இல்லை. எங்கட இலங்கை ஆக்களுக்குத் துவக்கு எண்டால் துப்பாக்கி. முகாமில இருந்து வாற பிள்ளையள் 'துவக்க ஏற்றி' எண்டு படிச்சால் சிரிப்பாங்கள். அவையின்ர அப்பா அம்மா சிரிக்க மாட்டினம்.

தொண்டியார் எழுதியது:

தம்பி சொல்வது ஏற்கத்தக்கது. துப்பாக்கியே துருக்கி வழிச் சொல் என்பார்கள், துவக்கும் அந்த வழிதான். அப்படியானால் சுடுகலனுக்கு நம்மிடம் சொல் இல்லையா என்றால்

மண்டபம் டீச்சர் எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை.

தங்கச்சிமடத்திலிருந்து:

பூட் என்பதே பூட்ஸ்ட்ராப்பின் சுருக்கம். காலணியின் பின்பட்டையைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்று பொருள். வெறும் நினைவகத்தில் முதல் நிரலை ஏற்ற இன்னொரு நிரல் வேண்டுமே என்ற முடிச்சைக் கேலியாகச் சொன்னது. அப்படியே தமிழில் கொண்டுவந்தால் தன் + தூக்கி = தற்றூக்கி. புணர்ச்சி சரிதானே ஐயா? பிடிக்காவிட்டால் 'எழுப்பி' இருக்கிறது. மார்கழியில் பெருமாளையே எழுப்புகிறோம், கெர்னலை எழுப்பக் கூடாதா?

தொண்டியார் எழுதியது:

புணர்ச்சி சரி. பொற்றூண் போல. ஆனாலும் வேண்டாம்.

பாம்பனார் எழுதியது:

எல்லாரும் 'ஏற்று'வதிலேயே நிற்கிறீர்கள். பூட்லோடர் என்ன செய்கிறது என்று பாருங்கள். பாம்பன் கால்வாயைக் கடக்கிற கப்பலில் வழி தெரிந்த ஒருவர் ஏறுகிறார். பாலத்தைத் தாண்டும்வரை ஓட்டம் அவர் சொற்படி. தாண்டியதும் கப்பலைக் கப்பல்காரரிடம் விட்டு இறங்கிவிடுகிறார். கிரப்பும் கெர்னலை நினைவகத்தில் வைத்துப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இதற்குச் சங்கத் தமிழில் சொல் தயாராக இருக்கிறது: நீகான். அகநானூறு 255, மாடத்தில் எரியும் விளக்கைப் பார்த்து வங்கமாகிய கப்பலைச் செலுத்துகிறவன். நீர் + காண் என்று பிரிப்பது என் துணிபு. மீகாமனும் இதன் உறவாகத்தான் இருக்க வேண்டும்.

பாலம் என்றதும் நினைவு வருகிறது. 1914-இல் வந்த பழைய பாலம் இரண்டு கையையும் மேலே விரித்து வழிவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்தது நடுப்பகுதியை அப்படியே செங்குத்தாகத் தூக்குகிறது. இரண்டையும் 'தூக்குப்பாலம்' என்றே எழுதுகிறார்கள். வேறு வேறு சொல் வேண்டாமா?

கீழக்கரையிலிருந்து:

எல்லாரும் தமிழ் பேசி முடிச்சாச்சா? சர்வீஸ் கடைக்காரன் நாலு வார்த்தை சொல்லிக்கிறேன்.

டீச்சர் அனுப்புற மெஷின்ல பாதிக்கு பூட்லோடர் மேல குத்தமே இல்ல. உப்புக்காத்து. ரேம்ங்கிற நினைவகத் தகட்டைக் கழட்டிப் பாத்தா தங்கக் கலர் பல்லுல பச்சை பூத்திருக்கும். பள்ளிக்கூட ரப்பரை வச்சு மெதுவா தேச்சு, தூளை ஊதிட்டு, கிளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கி மாட்டுனா எந்திரிச்சிரும். அடுத்தது போர்டுல இருக்குற காசு பேட்டரி, சிஆர் 2032. மூணு வோல்ட். அது செத்தா பயாஸ்ல வச்ச பூட் வரிசை அழிஞ்சிரும், தேதியும் பல வருசம் பின்னாடி போயிரும். நெட்டுல இருந்து அப்டேட் எடுத்தா 'இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடி ஆகல'ன்னு லினக்ஸ் மறுக்கும். பசங்க இதுக்கு லினக்ஸையே அழிச்சுத் திரும்பப் போடுறாங்க. கையேட்டுல மொத பக்கம் இதுதான் வரணும்.

சொல்லைப் பத்திக் கேட்டா, பூட்லோடர்னே போடுங்க. சுக்கான் அரபுச் சொல்லு. இந்தக் கரையில யாராச்சும் அதை வேணாம்னு படகுல இருந்து கழட்டிப் போட்டாங்களா? தற்றூக்கியை எங்க கடைப் பையன்கிட்டச் சொன்னேன், யாரு கொழந்தைன்னு கேட்டான்.

தொண்டியார் எழுதியது:

கீழக்கரைக் காக்கா, சுக்கான் நூற்றாண்டுக் கணக்கில் புழங்கித் தமிழானது. பூட்லோடர் நேற்று வந்தது. 'தொடக்க ஏற்றி' என்றால் நான் கையொப்பமிடுவேன். 'ஏற்றி' வினையெச்சம்போல் மயங்குகிறது, 'ஏற்றி என்ன செய்தான்' என்று கேட்கத் தோன்றுகிறது என்பது ஒரு குறை. ஆனால் மரங்கொத்தியைப் பார்த்து யாரும் 'கொத்தி?' என்று காத்திருப்பதில்லை.

முகாம் தம்பி எழுதியது:

தொடக்க ஏற்றி நல்லம்.

தங்கச்சிமடத்திலிருந்து:

எழுப்பி போனதில் வருத்தம்தான். சரி, தொடக்க ஏற்றி.

மண்டபம் டீச்சர் எழுதியது:

நன்றி. முதல் முறை வரும் இடத்தில் 'பூட்லோடர் எனும் தொடக்க ஏற்றி', அப்புறம் தொடக்க ஏற்றி மட்டும். காக்கா சொன்ன ரேமும் பேட்டரியும் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டன. இனி பிள்ளைகள் போனில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: திரை வரவே இல்லை என்றால் 'பலகையில் நிற்குது', கிரப் எழுத்து வந்தால் 'ஏற்றியில் நிற்குது', அதையும் தாண்டிக் கெர்னலில் நின்றால் 'கருவில் நிற்குது'. ஏற்றியில் நின்றால், பிரிவின் எண் மட்டும் மாறியதா, பிரிவே போய்விட்டதா என்று பிரிவுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையை அடித்துப் பார்க்க வேண்டும். எண் மாறியதென்றால் சரியான பிரிவைக் காட்டி எழுப்பிவிடலாம். உள்ளே போனதும் கிரப்பை மறுபடி நிறுவ வேண்டும். பிரிவே போயிருந்தால் என்னிடம் கொண்டுவரட்டும்.

பாம்பனார் எழுதியது:

என் வாக்கு நீகானுக்கே என்று பதிவு செய்துகொள்ளுங்கள், என் வகுப்பில் அதைத்தான் சொல்லப்போகிறேன். டீச்சர், கெர்னல் பேனிக்குக்குக் 'கருக்கலக்கம்' என்று வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சத்தமாக ஒருமுறை படித்துப் பாருங்கள், கருக்கலைப்பு என்று காதில் விழுகிறது. அச்சுக்குப் போகும்முன் மாற்ற முடியுமா?