கஞ்சா எண்ணெய்: கார்பன் டை ஆக்சைடில் பிரித்தால் கரைப்பான் படாததா?

வேதியியல் மாணவி:
மருந்துக்கான கஞ்சா எண்ணெய் பற்றி செமினார் கொடுக்கப் படித்துக்கொண்டிருக்கிறேன். அழுத்தமேற்றிய கார்பன் டை ஆக்சைடில் பிரித்ததைக் கரைப்பானே படாதது என்று பலர் எழுதுகிறார்கள். வாயு எப்படி எண்ணெயைக் கரைக்கும்? கரைத்தால் அதுவும் கரைப்பான்தானே?

பிரிகலன்:
சரியாகத்தான் கேட்கிறீர்கள், அதுவும் கரைப்பான்தான். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவில் சாறு எடுக்கும் ஆலையில் இதே வகை இயந்திரத்தை ஓட்டுகிறேன்.

கார்பன் டை ஆக்சைடின் மாறுநிலை சுமார் 31 டிகிரி செல்சியஸ், 74 பார் அழுத்தம். இரண்டையும் தாண்டினால் அதை வாயு என்றும் சொல்ல முடியாது, திரவம் என்றும் சொல்ல முடியாது. வாயுபோலத் தூளுக்குள் புகும், திரவம்போலக் கரைக்கும். அழுத்தத்தை ஏற்ற ஏற்ற அடர்த்தி கூடும், கரைக்கும் திறனும் கூடும். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கரைப்பானை மாற்றாமலே எது வர வேண்டும் என்று ஓரளவு தீர்மானிக்கலாம். குறைந்த அழுத்தத்தில் மணம் தரும் டெர்பீன்கள் வரும், ஏற்றினால் கஞ்சாவின் மருந்துப் பொருட்களான கனாபினாய்டுகள் நன்றாக இறங்கும். அப்புறம் அழுத்தத்தைக் குறைத்தால் கார்பன் டை ஆக்சைடு வாயுவாகப் பிரிந்துவிடும், எண்ணெய் கலனில் தங்கும்.

ஆனால் உயர் அழுத்தத்தில் செடியின் மெழுகும் சேர்ந்தே வரும். அதை நீக்க, சாற்றை எத்தனாலில் கரைத்து, உறைய வைத்து வடிகட்டி, எத்தனாலை ஆவியாக்குவார்கள். இவ்வளவும் செய்துவிட்டுக் கரைப்பான் படாதது என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எஞ்சிய எத்தனால் எவ்வளவு என்ற ஆய்வக அறிக்கைதான் முக்கியம்.

மருந்தாளுநர்:
செமினாருக்கு ஓர் உதாரணம்: வலிப்பு நோய்க்கான எபிடியோலெக்ஸ். 2018இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. அதற்குக் கஞ்சாச் செடியிலிருந்து சாறு எடுப்பது திரவ கார்பன் டை ஆக்சைடில்தான். மாறுநிலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

வேதியியல் மாணவி:
மிக்க நன்றி. சாறு எடுக்கப் பயன்படும் இன்னொரு கரைப்பானான பியூட்டேன்போலத் தீப்பிடிக்காது என்பதால் இது ஆபத்தில்லாத முறை என்று எழுதலாமா?

பிரிகலன்:
தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். தீப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் கசிந்தால் காற்றைவிடக் கனமான வாயு தரையோடு தேங்கும், கண்ணுக்கும் தெரியாது. காற்றில் 10 சதவீதம் ஆனாலே சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். அதனால்தான் எங்கள் உணர்கருவிகளைத் தரைக்கு அருகே பொருத்தியிருக்கிறோம். கலன்களோ நூற்றுக்கணக்கான பார் தாங்க வேண்டியவை. சான்று பெற்ற கலனும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது. இதையும் செமினாரில் சொல்லுங்கள்.