வீட்டில் செய்த ஜைரோ: 450 ஹெலியின் வால் நொடிக்கு ஏழு தடவை ஆடுகிறது, உதவி வேண்டும்

ஒத்தக்கடை:

எல்லோருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து முடித்துவிட்டு வேலையில் இருக்கிறேன். ஒரு வருடம் காசு சேர்த்துப் பழைய 450 வகை ஹெலி (ரிமோட்டில் பறக்கும் மாடல் ஹெலிகாப்டர்) ஒன்றை வாங்கினேன். 325 மி.மீ. மெயின் பிளேடு, மூன்று செல் 2200 லைப்போ பேட்டரி, வாலுக்கு பெல்ட். கூட வந்த ஜைரோ, அதாவது வால் தானாகத் திரும்பாமல் பிடித்துவைக்கும் கருவி, வேலை செய்யவில்லை. ஆர்டுயினோ நானோ என்ற சின்ன கன்ட்ரோலர் பலகையும், திரும்பும் வேகத்தை அளக்கும் எம்பியு 6050 சென்சாரும் கையில் இருந்ததால் நானே ஒன்று செய்தேன். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை சென்சாரைப் படித்து, வால் திரும்பும் வேகத்துக்கு எதிராக, வால் பிளேடின் கோணத்தை மாற்றும் சர்வோ மோட்டாரைத் தள்ளும் எளிய புரோகிராம்தான்.

பிரச்சினை இரண்டு. மேசைமேல் வைத்துக் கையால் திருப்பினால் சர்வோ சரியாக எதிர்க்கிறது. ஆனால் மெயின் பிளேடு முழு வேகத்துக்கு வந்ததும் வால் நொடிக்கு ஆறு, ஏழு தடவை ஆடுகிறது. கெய்னை (சர்வோ எவ்வளவு பலமாக எதிர்க்க வேண்டும் என்ற அளவு) பாதியாகக் குறைத்தால் ஆட்டத்தின் அளவு குறைகிறது, வேகம் மட்டும் மாறவே இல்லை.

இரண்டாவது, போன ஞாயிறு நடந்தது. தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் முழங்கால் உயரத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வால் சுற்ற ஆரம்பித்தது. உடனே மோட்டார் வேகத்தைக் குறைக்க த்ராட்டில் குச்சியைக் கீழே இழுத்தேன். மோட்டார் நிற்கவில்லை. ஹெலி பக்கவாட்டில் சாய்ந்து பிளேடு தரையில் அடித்து உடைந்தது, அதற்குப் பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் போய் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன். ஆடு மேய்க்கும் பையன்கள் இரண்டு பேர் இருபதடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. வயர் குறையட்டும் என்று த்ராட்டில் சேனலையும் நானோ வழியாகவே கொண்டுபோயிருந்தேன். அதுதான் காரணமா?

மேலூர்:

தம்பி, முதலில் இரண்டாவது பிரச்சினை. அது தீரும்வரை முதல் பிரச்சினையைத் தொடாதீர்கள், புது பிளேடும் வாங்காதீர்கள்.

த்ராட்டில் ரிசீவரிலிருந்து நேராக ஈஎஸ்சிக்கு (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை) போக வேண்டும். நடுவில் நீங்கள் செய்த பலகை இருக்கவே கூடாது. வால் ஜைரோ செத்தால் ஹெலி சுற்றி விழும், பிளேடு போகும், அவ்வளவோடு முடிந்துவிடும். மோட்டாரை நிறுத்தும் வழி செத்தால் ஆள் போகும். உங்கள் ஹெலியின் பிளேடு வட்டம் கிட்டத்தட்ட 72 செ.மீ. நிமிடத்துக்கு 2600 சுற்று என்று வைத்தால் பிளேடு நுனி நொடிக்கு 98 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 350 கிலோமீட்டர். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், தன் மாடல் ஹெலியின் பிளேடு தலையில் பட்டு 19 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அது உங்களுடையதைவிடப் பெரியது, உண்மைதான். ஆனால் கண்ணுக்கும் கழுத்துக்கும் 450 போதும்.

எனக்கு இடது நடுவிரலில் ஏழு தையல் இருக்கிறது. மேசைமேல் சர்வோ திசை சரிபார்க்கும்போது மோட்டாரைக் கழற்றாமல் விட்டேன், கை த்ராட்டிலில் பட்டுவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரே பழக்கம்: ஹெலி மேசைக்கு வந்தால் மோட்டாரின் மூன்று வயரில் இரண்டையாவது கழற்றிவிடுவேன். மோட்டாரின் சின்னப் பல்சக்கரமான பினியனை மெயின் பல்சக்கரத்திலிருந்து விலக்கி வைத்தாலும் சரிதான்.

பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. கண்மாயில் ஆள் வரத்தான் செய்வார்கள், அது அவர்கள் ஊர். யாராவது முப்பதடிக்குள் வந்தால் இறக்கி, த்ராட்டில் ஹோல்டு (மோட்டாரை நிறுத்தி வைக்கும் சுவிட்ச்) போட்டு, பிளேடு முழுதாக நின்ற பிறகு பேசுங்கள். நீங்களும் அந்தத் தூரத்திலேயே நில்லுங்கள். பிளேடு வட்டத்தின் மட்டத்துக்கு உங்கள் முகம் வரவே கூடாது.

திருநகர்:

நான் பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். மோட்டார் ஏன் நிற்கவில்லை என்பதை விளக்க முயல்கிறேன்.

ஆர்டுயினோவின் சர்வோ லைப்ரரி பல்ஸை (சர்வோவுக்கும் ஈஎஸ்சிக்கும் போகும் கட்டளை சிக்னல்) டைமர் இன்டரப்ட் மூலம், அதாவது மெயின் லூப்பைச் சாராமல், அனுப்புகிறது. உங்கள் லூப் எங்கேயாவது மாட்டி நின்றுபோனாலும், கடைசியாகக் கொடுத்த பல்ஸ் போய்க்கொண்டே இருக்கும். சென்சாரோடு பேசும் 'வயர்' (Wire) என்ற லைப்ரரியின் பழைய பதிப்புகளில் காத்திருப்பதற்கு நேர வரம்பு இல்லை. சென்சார் லைனில் ஒரு சின்ன இடையூறு வந்தால் போதும், அது பதிலுக்காகக் காத்துக்கொண்டே கிடக்கும். நீங்கள் த்ராட்டிலைக் கீழே இழுத்தது நானோவுக்குத் தெரியவே இல்லை. பறக்கும்போது கொடுத்த பழைய பல்ஸே ஈஎஸ்சிக்குப் போய்க்கொண்டே இருந்தது. டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்திருந்தாலும் நின்றிருக்காது, ஏனென்றால் சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் ரிசீவரின் ஃபெயில்சேஃபும் நானோவைத் தாண்டிப் போயிருக்காது.

மேலூர் ஐயா சொன்னபடி த்ராட்டிலை முதலில் நேராகக் கொடுங்கள். அப்புறம் வயர் லைப்ரரியில் நேர வரம்பு வையுங்கள், புரோகிராம் மாட்டி நின்றால் தானாக ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமரையும் 250 மில்லிசெகண்டுக்குப் போடுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. நானோவில் பழைய பூட்லோடர் (ஆரம்பத்தில் ஓடும் சின்ன புரோகிராம்) இருந்தால் வாட்ச்டாக் ஒரு தடவை அடித்ததும் ரீசெட்டிலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். ஆப்டிபூட் என்ற புது பூட்லோடரை ஏற்றிவிட்டால் சரியாகிவிடும். இன்னொன்று, ரீசெட் ஆனதும் உங்கள் புரோகிராம் மறுபடி சென்சாரின் சுழியத்தை (அசையாமல் இருக்கும்போது காட்டும் அளவு) அளக்குமே? ஹெலி காற்றில் இருக்கும்போது அளந்தால் எல்லாம் தப்பாகிவிடும். மேசையில் அளந்ததை ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) வைத்துக்கொண்டு, ஆரம்பத்தில் அசைவு தெரிந்தால் அந்தப் பழைய அளவையே எடுக்கச் சொல்லுங்கள்.

நாகமலை:

இடையூறு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா? இரண்டு இடத்தில் சந்தேகம். ஒன்று, பெல்ட் வால். நம் ஊர் கோடையின் வறண்ட காற்றில் பெல்ட் உரசி நிலைமின்சாரம் சேரும். வால் குழாயிலிருந்து மோட்டார் மவுண்டுக்கு ஒரு மெல்லிய வயர் போட்டு இணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, ஈஎஸ்சிக்குள் இருக்கும் 5 வோல்ட் சப்ளை. விலை குறைந்தவற்றில் அது லீனியர் வகை. முழு சார்ஜில் 12.6 வோல்ட் வருகிறது, 5 போனால் 7.6 வோல்ட் வீண். சர்வோக்கள் சேர்ந்து ஒரு ஆம்பியர் இழுத்தாலே 7.6 வாட் வெறும் சூடாக மாறுகிறது. சித்திரை வெயிலில் அந்தச் சின்ன சில்லு எப்படித் தாங்கும்? தனியாக ஸ்விட்சிங் வகை 5 வோல்ட் 3 ஆம்பியர் ஒன்று போடுங்கள், நானோவின் சப்ளையில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் சேருங்கள். டவுன்ஹால் ரோடு பக்கம் கேட்டால் கிடைக்கும்.

ஒத்தக்கடை:

மூன்று பேருக்கும் நன்றி. த்ராட்டில் நேராகப் போய்விட்டது. மெயின் பிளேடு, வால் பிளேடு எல்லாவற்றையும் கழற்றி மோட்டாரை ஓட்டி, டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்து பார்த்தேன். ஒரு நொடிக்குள் மோட்டார் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் மனசு அடங்கியது.

அந்தச் சோதனையின்போதே ஒன்று கவனித்தேன். பிளேடே இல்லாமல் ஓடும்போதும் வால் சர்வோவின் கை அதே மாதிரி ஆடுகிறது!

திருநகர்:

இது மிக முக்கியமான தகவல். வால் பிளேடு இல்லையென்றால் சர்வோ என்ன செய்தாலும் ஹெலி திரும்பப்போவதில்லை. அதனால் இது கெய்ன் அதிகமாகி வரும் ஆட்டம் கிடையாது. சென்சார் எதையோ பார்த்து ஏமாறுகிறது. பிளேடு இல்லாத நிலையிலேயே சுற்றின் வேகத்தை மாற்றி மாற்றி, கை நொடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணுங்கள். டேக்கோமீட்டர் இல்லையென்றால் மெயின் ஷாஃப்ட் பல்சக்கரத்தில் வெள்ளைப் பொட்டு வைத்து, போனில் ஸ்லோமோஷன் எடுத்துக் கணக்கிடலாம்.

ஒத்தக்கடை:

வேலை செய்யும் இடத்தில் டேக்கோமீட்டர் இரவல் வாங்கினேன். 2600 சுற்றில் நொடிக்கு ஏழு. 2400-க்குக் குறைத்தால் ஆட்டம் குறையும் என்று நினைத்தேன், பத்தாகிவிட்டது. 3000-ஐ நெருங்க நெருங்க மெதுவாகி, கை ஒரு பக்கமாக ஒதுங்கி மெல்ல மெல்ல நகர்கிறது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

திருநகர்:

புரிந்துவிட்டது அண்ணா! பழைய சோக் டியூப்லைட் வெளிச்சத்தில் சீலிங் ஃபேன் சில வேகத்தில் பின்னோக்கி மெதுவாகச் சுற்றுவது போலத் தெரியுமே, அதேதான் இது.

2600 சுற்றை 60-ஆல் வகுத்தால் நொடிக்கு 43.3 அதிர்வு. நீங்கள் சென்சாரைப் படிப்பது நொடிக்கு 50 தடவை. 50-லிருந்து 43.3 போனால் 6.7. உங்கள் "ஏழு" இதுதான். 2400 என்றால் 40 அதிர்வு, 50-லிருந்து கழித்தால் 10. 3000 என்றால் சரியாக 50, மிச்சம் சுழியம், அதனால்தான் கை ஆடாமல் ஒதுங்கி நின்றது. உண்மையான அதிர்வு வேகமானது. நீங்கள் அடிக்கடி படிக்காததால் அது மெதுவான ஆட்டமாக வேஷம் போட்டு வருகிறது. இப்படி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் புரோகிராமில் எந்த வடிகட்டி போட்டும் பிரிக்க முடியாது, ஏனென்றால் நிஜமாகவே வால் நொடிக்கு ஏழு தடவை திரும்பினாலும் எண்கள் அப்படியேதான் இருக்கும்.

செய்ய வேண்டியது: சென்சாரை நொடிக்கு 1000 தடவை படியுங்கள், வால் இடம் வலம் திரும்புவதைக் காட்டும் இசட் அச்சின் இரண்டு பைட் மட்டும் போதும். லைனின் வேகத்தை 400 கிலோஹெர்ட்ஸ் ஆக்குங்கள். சென்சாருக்குள்ளேயே வடிகட்டி இருக்கிறது, 26-ஆவது ரெஜிஸ்டரில் (சென்சாரின் அமைப்பை எழுதும் இடம்) 3 என்று எழுதினால் 42 ஹெர்ட்ஸ். அதன் தாமதம் 4.8 மில்லிசெகண்ட்தான். 5 ஹெர்ட்ஸ் வரை இறக்கலாம்தான், ஆனால் தாமதம் 18.6 ஆகிவிடும், அப்போது நிஜமாகவே வால் ஆட ஆரம்பிக்கும். உங்கள் சர்வோ சாதாரண அனலாக் என்றால் பல்ஸை 50 ஹெர்ட்ஸிலேயே அனுப்புங்கள், நடுவில் படித்த இருபது எண்களின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் வால் சர்வோவுக்கான 333 ஹெர்ட்ஸை இதற்குக் கொடுத்தால் எரிந்துவிடும். பிறகு 27-ஆவது ரெஜிஸ்டரில் 16 போடுங்கள், நொடிக்கு 1000 டிகிரி வரை அளக்கும். நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால் 250-லேயே முட்டி நின்றிருக்கும், வால் வேகமாகத் திரும்பும் நேரத்தில் அது போதாது.

மேலூர்:

அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டு எனக்கே சந்தோஷமாக இருக்கிறது. நாங்கள் பறக்கவிட்ட காலத்தில் ஜைரோ என்றால் சின்ன மோட்டாரில் சுற்றும் பித்தளைச் சக்கரம்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பிளேடே இல்லாமல் இவ்வளவு அதிர்வு வரக்கூடாது. வடிகட்டியால் மறைத்துவிட்டுப் பறக்காதீர்கள். மெயின் ஷாஃப்டையும் ஹெட்டுக்குள் மெயின் பிளேடுகளைத் தாங்கும் ஸ்பிண்டில் கம்பியையும் கழற்றி, கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். போன ஞாயிறு விழுந்ததில் வளைந்திருக்கலாம், வாங்கும்போதே வளைந்தும் இருந்திருக்கலாம்.

ஒத்தக்கடை:

ஸ்பிண்டில் வளைந்துதான் இருந்தது ஐயா. உருட்டும்போது நடுவில் கண்ணாடியை விட்டு எழும்புகிறது. மாற்றிவிட்டேன். புரோகிராமையும் தங்கை சொன்னபடி மாற்றினேன். 2600-ல் சர்வோ கை அசையாமல் நிற்கிறது. வாட்ச்டாக்கையும் சோதித்தேன், சென்சார் வயரை ஓடும்போதே பிடுங்கினால் கை நடுவுக்கு வந்து நிற்கிறது, த்ராட்டில் அதன்பாட்டுக்கு நான் சொன்னபடி கேட்கிறது.

புதிதாக ஒரு சின்ன விஷயம். நிழலில் வைத்துச் சுழியம் அளந்துவிட்டு வெயிலுக்குக் கொண்டுபோனால், கை மெல்ல இடப்பக்கம் நகர்கிறது.

நாகமலை:

சூடு ஏறினால் சென்சாரின் சுழியம் நகரும், அது இயல்பு. பறக்கப்போகும் இடத்திலேயே ஐந்து நிமிடம் மின்சாரம் கொடுத்து வைத்துவிட்டு அப்புறம் அளக்கச் சொல்லுங்கள். லைப்போவை மட்டும் வெயிலில் வைக்க வேண்டாம், பைக் பெட்டிக்குள்ளும் வேண்டாம்.

இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021 ட்ரோன் விதிகளில் மாடல் விமானத்துக்கும் இடம் உண்டு, கண்ணுக்கெட்டிய தூரத்துக்குள் மட்டுமே பறக்கவிடலாம். அவனியாபுரம், பெருங்குடி பக்கம் மதுரை விமான நிலையம் இருக்கிறது, அங்கே நினைக்கவே வேண்டாம். எங்கே போவதானாலும் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடத்தின் நிறம் பார்த்துவிட்டுப் போங்கள்.

மேலூர்:

தம்பி, முதல் தடவை தனியாக ஏற்றாதீர்கள். குறுக்குக் கம்பியில் பந்து மாட்டிய பயிற்சிக் கால் என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன். ஞாயிறு காலை ஆறரைக்கு அதே கண்மாய்க்கு வந்துவிடுங்கள். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் வாலைக் கையால் திருப்பி, சர்வோ எதிர்க்கிறதா என்று நான் பார்ப்பேன், நீங்களும் பார்க்க வேண்டும். காற்று கிளம்புவதற்குள் இரண்டு பேட்டரி ஓட்டிவிடலாம். ஒன்பது மணிக்கு மேல் ஆடு இறங்கிவிடும்.