பச்சிங்கோவுக்குத் தமிழில் என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

தே., ஒசாகா:
அன்புடையீர், ஜப்பானிய ஆட்டக்கடைகளிலிருந்து கழித்துவிட்ட பச்சிங்கோ இயந்திரங்களை வாங்கி வீட்டில் வைத்து ஆடுகிறவர்கள் பற்றிய காணொளிக்குத் தமிழில் துணைவரி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். நின்றவாக்கில் ஒரு பலகை, முன்னால் கண்ணாடி, உள்ளே வரிசை வரிசையாகப் பித்தளை ஆணிகள். கைப்பிடியைத் திருகினால் 11 மி.மீ. எஃகுக் குண்டுகள் மேலே பாய்ந்து, ஆணிகளில் முட்டி மோதி இறங்கும். நடுவிலுள்ள சிறு வாய்க்குள் ஒரு குண்டு விழுந்தால் திரையில் எண்கள் சுழலும். அந்த வாய்க்கு ஜப்பானியர் வைத்த பெயர் ‘ஹெசோ’, தொப்புள். இயந்திரத்துக்கும் தொப்புளுக்கும் சொல் தாருங்கள்.

பேரா. க.:
சூதுப்பொறி. ஆடும் கூடத்துக்குக் கழகம். ‘கவறும் கழகமும் கையும்’ என்று வள்ளுவரே தந்துவிட்டார். 937ஆம் குறளில் ‘கழகத்துக் காலை புகின்’ என்கிறார். அங்கே காலை என்றால் பொழுதுதான். ஆனாலும் பச்சிங்கோக் கூடம் திறக்குமுன்பே வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால், விடியற்காலை என்றே பொருள் கொள்ளலாம் போலிருக்கிறது.

மு., மதுரை:
ஐயா, துணைவரியில் கழகம் என்று போட்டால் எந்தக் கழகம் என்று கேட்பார்கள். தவிர, வீட்டில் பணயமே இல்லை, சூது எங்கிருந்து வந்தது? கடையிலும் குண்டுக்கு நேராகக் காசு தருவதில்லை. பரிசுப்பொருள் தருவார்கள். அதை வெளியே ஒரு சிறு சாளரத்தில் விற்றுப் பணமாக்குவார்கள். எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடுதான், ஆனால் சட்டத்தின் கண்ணில் அது சூதாட்டம் ஆகாது.

ச., தஞ்சாவூர்:
பச்சி என்பது ஒலிக்குறிப்பு. ஜப்பானியர் ‘பச்சிபச்சி’ என்பதை நாம் சடசட என்போம். ஆகவே சடசடப்பொறி.

பேரா. க.:
அம்மா, ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்பது தொல்காப்பியம். அவர்கள் ஒற்றைப் பச்சியில் விகுதி ஒட்டினார்கள். நமக்கு அந்த வழி இல்லை.

ச.:
நான் எங்கே பிரித்தேன் ஐயா? இரண்டு சடவும் அப்படியே இருக்கின்றன. கலகலப்பு, பரபரப்பு எல்லாம் எப்படி வந்தன?

(இதிலேயே ஒரு நாள் போனது. சலசல ஆற்றுக்கு மட்டுமா, ஓலைக்கும் உண்டா என்று ஆறு மடல்கள்.)

வே., நகோயா:
என் வீட்டில் ஒன்று இருப்பதால் சொல்கிறேன். முதலில் குண்டு என்பதை மாற்றுங்கள். ‘எஃகுக் குண்டுகள் பாய்கின்றன’ என்று படித்தால் போர்ச்செய்தி என்று நினைப்பார்கள். கோலி போதும். சத்தத்துக்குச் சடசட சரிதான், பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி. இது 24 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. வீட்டில் 100 வோல்ட், அதனால் மின்மாற்றி வேண்டும். விழுந்த கோலிகள் தாமாகவே மேலே திரும்பும்படி மாற்றி அமைத்துத் தருகிறார்கள். இல்லையென்றால் கையால் அள்ளி அள்ளிப் போட வேண்டும். பழைய இயந்திரங்களில் கட்டைவிரலால் நெம்புகோலை ஒவ்வொரு முறையும் தட்டிவிட வேண்டும், மின்கைப்பிடி பிறகு வந்தது.

பேரா. க.:
தம்பி, வழி காட்டிவிட்டீர்கள். விரலால் சுண்டுவது தெறித்தல். கோலி சிதறுவதும் தெறித்தல். தெறிபொறி! வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். தொப்புளுக்குக் கொப்பூழ்.

மு.:
தெறி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ‘பிரமாதம்’ என்று புரிந்துகொள்வார்கள். பொறி என்றால் எலிப்பொறியும்தான். நூடுல்ஸ் நூடுல்ஸாகவே இருப்பதுபோல் பச்சிங்கோ பச்சிங்கோவாகவே இருக்கட்டும். எழுத்தும் நமக்கு இடைஞ்சல் இல்லை: வல்லினம் இரட்டித்திருக்கிறது, மெல்லினமும் இனத்தோடு நிற்கிறது.

தே.:
அனைவருக்கும் நன்றி. மு. சொல்வதுபோல் பச்சிங்கோவே இருக்கட்டும், எனக்கும் அதுவே சரி. குண்டுக்குக் கோலி, ஹெசோவுக்குத் தொப்புள். ‘கோலி கொப்பூழில் விழுந்தது’ என்று எழுத எனக்குத் துணிவில்லை ஐயா. துணைவரிக் கோப்பினை அனுப்பிவிட்டேன். அடுத்த பகுதி பச்சிஸ்லாட்: சுழலும் மூன்று உருளைகள், ஒவ்வொன்றையும் நிறுத்தத் தனிப் பொத்தான், வெல்லும் வாய்ப்பைக் கூட்டிக் குறைக்கக் கடைக்காரர் சாவி போட்டுத் திருப்பி வைக்கும் ஆறு நிலைகள்.

பேரா. க.:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். தெறிபொறியை நான் விடுவதாக இல்லை. ஆறு நிலைகளுக்கு ‘வைப்பு’ என்ற சொல்லை இப்போதே முன்மொழிகிறேன்.

மு.:
வைப்பு என்றால் வங்கிக் கணக்கு, ஐயா.