கந்தையா குடும்பம்: ஐலண்ட் பீக்கிற்கு ஓர் ஆள் தேவை

*வெள்ளி இரவு*

நிலவன்: எல்லோருக்கும் வணக்கம். ஒக்டோபரில் நேபாளத்தில் ஐலண்ட் பீக் ஏறுவதற்கு என்னோடு வருவதாக இருந்த நண்பனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்துவிட்டது. வேறு ஒரு துணை வேண்டும். மலை ஏறுகிறவர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பெரியம்மா: எந்த மலை தம்பி? நுவரெலியாப் பக்கமா?

நிலவன்: இல்லை பெரியம்மா, எவரெஸ்ட் பக்கம். ஆனால் எவரெஸ்ட் இல்லை. 6,100 மீட்டரைத் தாண்டிய ஒரு சிகரம்.

பெரியம்மா: எவரெஸ்ட் பக்கம் என்றால் எவரெஸ்ட்தான். உன் அம்மாவுக்குத் தெரியுமா?

அம்மா: தெரியும் அக்கா. தெரிந்து என்ன செய்ய.

குகன் அண்ணா (ரொறன்ரோ): 1953இல் எவரெஸ்ட் ஏறப் போன பிரித்தானியக் குழு முதலில் பயிற்சிக்கு ஏறிப் பார்த்த சிகரம் இது. டென்சிங்கும் அந்தப் பயிற்சியில் இருந்தார். நல்ல தெரிவு தம்பி.

பெரியம்மா: குகன், நீ அங்கே இருந்துகொண்டு ஊக்கம் கொடுக்காதே.

சிவா சித்தப்பா: துணை பிறகு. முதலில் பாதையைப் போடு. எந்த இரவு எந்த ஊரில் படுக்கிறாய், அந்த ஊரின் உயரம் என்ன? நான் முப்பது வருடம் நில அளவைக்காரன். உயரம் எழுதாத வரைபடத்தை நான் பார்ப்பதில்லை.

நிலவன்: லுக்லா வரை விமானம், 2,860 மீட்டர். அன்றே நடந்து நாம்சே, 3,440. அடுத்த நாள் டிங்போச்சே, 4,410. பிறகு சுக்குங், 4,730. பிறகு அடிவார முகாம், ஏறக்குறைய 5,100. அன்று நள்ளிரவு கடந்ததும் ஏற்றம். விடுமுறை குறைவு, அதனால் இறுக்கிப் போட்டிருக்கிறேன்.

மலர் சித்தி: இதை யார் போட்டது?

நிலவன்: நான்தான் சித்தி.

மலர் சித்தி: நல்லது. வேறு யாராவது போட்டிருந்தால் அவரைத் தேடிப் போய்ச் சண்டை பிடித்திருப்பேன். வார்டில் இருக்கிறேன், முடிந்ததும் எழுதுகிறேன். அதுவரை ஒருவரும் டிக்கெட் போட வேண்டாம்.

*சனி காலை*

மலர் சித்தி: இப்போது கேள். 3,000 மீட்டருக்கு மேலே போனால், முந்திய இரவு படுத்த உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் கூடிய இடத்தில் அடுத்த இரவு படுக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் பரவாயில்லை, படுக்கும் உயரம்தான் கணக்கு. நீ நாம்சேயிலிருந்து டிங்போச்சேக்கு ஒரே நாளில் 970 மீட்டர் தாவுகிறாய்.

நிலவன்: நான் தினமும் ஓடுகிறேன் சித்தி. உடம்பு தயார்.

மலர் சித்தி: உடற்பயிற்சிக்கும் உயர நோய்க்கும் சம்பந்தமில்லை. ஓட்டக்காரனுக்கும் வரும், ஊதிப் போனவனுக்கும் வரும். உண்மையில் ஓடுகிறவனுக்கு ஆபத்து கூட, ஏனென்றால் அவனால் வேகமாக ஏற முடியும். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். வெள்ளவத்தைக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அதைப் பழக நாள் வேண்டும்.

யாழினி அக்கா: இங்கே எங்காவது போய்ப் பழக முடியாதா சித்தி?

சிவா சித்தப்பா: முடியாது மகள். இலங்கையிலேயே உயரமான பீதுருதாலகால 2,524 மீட்டர். அங்கேயும் நடந்து ஏற விடமாட்டார்கள், வாகனத்தில்தான் போக வேண்டும். நடந்து போகக்கூடியதில் உயர்ந்தது ஹோர்ட்டன் சமவெளியிலுள்ள கிரிகல்பொத்த, 2,388. சித்தி சொல்கிற நோய் அதற்கு மேலேதான் தொடங்குகிறது.

சிவா சித்தப்பா: நான் மாற்றிப் போட்டிருக்கிறேன். முதல் இரவு பக்டிங், 2,610. லுக்லாவைவிடத் தாழ்வு, அதுவே நல்லது. நாம்சேயில் இரண்டு இரவு, நடுவில் ஒரு பகல் 3,880 வரை ஏறி இறங்குவது. தெங்போச்சே 3,860. டிங்போச்சேயில் இரண்டு இரவு. சுக்குங்கில் இரண்டு இரவு. பிறகு முகாம். சிகர நாளுக்குப் பின் ஒரு நாள் வெறுமனே விட்டிருக்கிறேன், காலநிலை கெட்டால் அதற்கு.

மலர் சித்தி: தெங்போச்சேயிலிருந்து டிங்போச்சே 550.

சிவா சித்தப்பா: அதனால்தான் அங்கே இரண்டு இரவு. ஊர்கள் இருக்கிற இடத்தில்தான் படுக்கலாம், உன் விதிக்கு ஏற்ற இடத்தில் ஒரு விடுதி கட்டச் சொல்லவா?

மலர் சித்தி: பக்டிங்கிலிருந்து நாம்சே 830. அதைப் பற்றி நான் பேசவில்லை பார்த்தீர்களா.

அம்மா: இருவரும் வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்.

நிலவன்: சித்தப்பா, இப்படிப் போட்டால் விடுமுறை போதாது. மேலும் ஒரு வாரம் கேட்க வேண்டும்.

சிவா சித்தப்பா: கேள். கிடைக்காவிட்டால் இந்த வருடம் அன்னபூர்ணா அடிவார முகாம் வரை போ, 4,130 மீட்டர். நேரத்தைக் குறைத்து மலையைச் சுருக்க முடியாது. இன்னொன்று: ஒக்டோபர் நெரிசலில் லுக்லா விமானங்கள் பல காத்மண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. மந்தலி என்ற ஊரின் விமான நிலையத்துக்கு நடு இரவில் நான்கைந்து மணி நேரம் வாகனத்தில் போக வேண்டும். முகில் இறங்கினால் விமானமே இல்லை. திரும்பி வரும் பக்கத்திலும் மிச்ச நாள் வை. கொழும்பு விமானத்தை லுக்லாவிலிருந்து இறங்குகிற அன்றே போட்டுவிடாதே.

யாழினி அக்கா: தம்பி, எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். கொழும்பு மரதன் ஓடுகிறவர். கேட்டுப் பார்க்கவா?

நிலவன்: கேளுங்கள் அக்கா! அடுத்த வாரம் சிவனொளிபாத மலைக்கு ஒன்றாகப் போய்ப் பார்க்கலாம்.

சிவா சித்தப்பா: அட்டன் பக்கம், நல்லதண்ணியால் போகாதே. அங்கே படி, விளக்கு, தேநீர்க்கடை, சனம். யாரோடு போனாலும் நன்றாகத்தான் இருக்கும். குருவிட்ட, எரத்னப் பக்கத்தால் போ. நீளம், இருட்டு, ஆள் குறைவு. பத்து மணி நேரத்தில் ஆளின் குணம் தெரியும்.

பெரியம்மா: யாழினி, நீயும் கூடப் போ. முன்பின் தெரியாத ஆளோடு தம்பியைத் தனியே அனுப்ப முடியாது.

*அடுத்த ஞாயிறு*

அம்மா: வந்து சேர்ந்தார்களா?

நிலவன்: இப்போதுதான் அவிசாவளை தாண்டுகிறோம். மரதன்காரர் வேறு பஸ்ஸில் போய்விட்டார்.

குகன் அண்ணா (ரொறன்ரோ): ஆஹா. விபரம்?

நிலவன்: ஆள் நல்லவர்தான், மரியாதையானவர். ஆனால் தொடங்கி ஒரு மணி நேரத்தில் காணவில்லை. இரத்தினபுரிப் பாதை வந்து சேரும் ஹெரமிட்டிபானவில் காத்திருப்பதாகப் பேச்சு. போனால் அங்கேயும் இல்லை. தொலைபேசி எடுபடவில்லை. உச்சியில் போய்ப் பார்த்தால் போர்வையைச் சுற்றிக்கொண்டு, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்கிறார். தண்ணீர் முடிந்துவிட்டதாம், எங்களிடம் வாங்கிக் குடித்தார்.

மலர் சித்தி: முடிந்தது. பனியாற்றில் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு போகும்போது இப்படி முன்னால் ஓடினால் என்ன நடக்கும்?

நிலவன்: ஓட முடியாது சித்தி, கயிறு இழுக்கும்.

சிவா சித்தப்பா: அதுதான் கேள்வி. இழுக்கும்போது அவன் நிற்பானா, உன்னை இழுத்துக்கொண்டு போவானா?

மலர் சித்தி: யாழினி எப்படி நடந்தாள்?

நிலவன்: சொன்னால் நம்பமாட்டீர்கள். பாதி வழியில் அக்கா நின்று, "என் இடது குதிகால் சுடுகிறது, இன்னும் கொப்புளம் வரவில்லை, இப்போதே பார்ப்போம்" என்றார். ஒரு கல்லில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றி, தோல் சிவந்த இடத்தில் துணிப் பிளாஸ்டரை மடிப்பு விழாமல் ஒட்டி, சப்பாத்து நாடாவைக் கணுக்காலில் மட்டும் இறுக்கிக் கட்டினார். பத்து நிமிடம். பிறகு கீழே வரும்வரை ஒரு முறைப்பாடும் இல்லை. எனக்குத்தான் இரண்டு கொப்புளம்.

மலர் சித்தி: நிலவன், உனக்கு ஆள் கிடைத்துவிட்டது.

யாழினி அக்கா: சித்தி!

மலர் சித்தி: உண்மையாகத்தான் சொல்கிறேன். உயர நோயில் முதலில் வருவது தலையிடி, பசியின்மை, ஓங்காளம். ஆண்பிள்ளைகள் அதை மறைப்பார்கள். மறைத்துக்கொண்டு மேலே போனால் மூளையில் நீர் கோக்கும், இல்லையென்றால் நுரையீரலில். குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டி ஒட்டி ஒரே கோட்டில் நடக்கச் சொல்ல வேண்டும். தள்ளாடினால் வாதம் பண்ணாமல் உடனே இறக்க வேண்டும், இரவென்றாலும். குதிகால் சுடுவதை முதல் நிமிடத்திலேயே சொல்கிறவள் தலையிடியையும் சொல்வாள்.

பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: நான் தம்பிக்குக் காவலாகத்தான் அனுப்பினேன். எவரெஸ்டுக்கு அனுப்பவில்லை.

யாழினி அக்கா: அம்மா, எனக்கும் விருப்பம்தான். இறங்கும்போதே யோசித்தேன், சொல்லவில்லை.

யாழினி அக்கா: எங்கள் நாட்டிலிருந்து முதன்முதல் எவரெஸ்ட் உச்சிக்குப் போனவர் ஒரு பெண், அம்மா. ஜெயந்தி குரு உதும்பால, 2016 மே 21. கூடப் போன ஜொஹான் பீரிஸ் 8,400 மீட்டரளவில் திரும்பிவிட்டார். 2018இல் மறுபடி போய் ஏறினார். திரும்பினதால்தானே மறுபடி போக முடிந்தது?

பெரியம்மா: பேச்சில் நீ உன் அப்பாவின் மகள்தான்.

*திங்கள் இரவு*

நிலவன்: அக்கா விடுமுறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கும் கிடைக்கும் போலிருக்கிறது. சித்தப்பாவின் பாதையையே வைத்துக்கொள்கிறோம்.

அம்மா: கயிற்றில் இரண்டு பேர் மட்டும்தானா?

நிலவன்: இல்லை அம்மா. நேபாள மலையேறும் சங்கத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும், அதைப் பதிவு பெற்ற முகவர் மூலம் எடுக்கும்போது வழிகாட்டியும் வருவார். மூன்று பேராகிறோம். ஒருவர் பனிப்பிளவில் விழுந்தால் மற்ற இருவர் தாங்கலாம். இளவேனிற் காலத்தைவிட ஒக்டோபரில் அனுமதிக் கட்டணமும் குறைவு.

சிவா சித்தப்பா: சார்க் நாட்டவர் என்று மறக்காமல் சொல். எவரெஸ்ட் பக்கத்துச் சாகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் மற்ற வெளிநாட்டவர் கட்டுவதில் பாதி. வருடத்தின் முதல் வருகைக்கு முப்பது நாள் விசாவும் இலவசம். அந்தப் பணத்தை நல்ல சப்பாத்துக்குப் போடுங்கள்.

மலர் சித்தி: உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைட் மருந்தை நான் எழுதித் தருகிறேன், 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறத் தொடங்குவதற்கு முந்திய நாளிலிருந்து. இதுவும் சல்பா இன மருந்துதான். யாழினி, உனக்குச் சல்பா ஒத்துக்கொள்ளாது என்று சின்ன வயதில் ஒரு கதை இருந்ததே? உன் அம்மாவிடம் கேட்டு எனக்குச் சொல். விரல் நுனி விறுவிறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். அது மருந்தின் வேலை, பயப்பட வேண்டாம். மருந்து போட்டுக்கொண்டு இரவு விதியை மீறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

குகன் அண்ணா (ரொறன்ரோ): கயிற்று வேலையை முகாமில் பழக்குவார்கள்தான், ஆனால் 5,100 மீட்டரில் கயிற்றைப் பிடித்து ஏறும் கருவியான ஜூமாரை முதல்முறை கையில் எடுத்தால் மூளை வேலை செய்யாது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு, வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, 8 வடிவ முடிச்சுப் போட்டுப் பழகுங்கள். உச்சிக்குக் கீழே உள்ள செங்குத்துப் பனிச்சுவரில் கயிறு மாற்றும்போது கையுறையைக் கழற்றக் கூடாது.

நிலவன்: தினமும் மாலை எங்கள் தொடர்மாடியின் பன்னிரண்டு மாடியும் ஏறுகிறேன். பையில் தண்ணீர்ப் போத்தல்கள். மொட்டை மாடியில் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்குகிறேன், முழங்காலுக்கு நல்லது.

அம்மா: காவலாளி என்னிடம் கேட்கிறார், உங்கள் மகனுக்கு லிப்ட் பயமா என்று. ஒன்பதாம் மாடி அன்ரிக்கு மட்டும் சந்தோசம், மேலே அவருடைய கறிவேப்பிலைச் சாடிக்குத் தண்ணீர் கிடைக்கிறது.

பெரியம்மா: சரி. கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசருக்கு இரண்டு பேரின் பெயரிலும் அர்ச்சனை செய்விக்கிறேன். ஒரு நிபந்தனை. ஒருவருக்கு முடியாவிட்டால் இரண்டு பேரும் இறங்க வேண்டும். இதை இந்தக் குழுவில் எழுதித் தாருங்கள், எல்லோரும் சாட்சி.

யாழினி அக்கா: ஒருவர் இறங்கினால் இருவரும் இறங்குவோம்.

நிலவன்: இறங்குவோம். காரணம் கேட்கமாட்டோம்.

மலர் சித்தி: பெரியக்கா, சல்பா கதைக்குப் பதில் வரவில்லை.

பெரியம்மா: யாழினிக்கு இல்லை, அது குகனுக்கு. உடம்பெல்லாம் தடித்தது.

சிவா சித்தப்பா: காப்புறுதியை நான் பார்க்கிறேன். எத்தனை மீட்டர் வரை, ஹெலிகொப்டர் மீட்பு உண்டா, கயிறு கட்டி ஏறுவது சேருமா, மூன்றையும் எழுத்தில் வாங்க வேண்டும். பாதி ஒப்பந்தங்கள் நடைப்பயணத்தோடு நின்றுவிடும். இருவரும் பாஸ்போர்ட் படத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம், குகன் அதற்கும் கைதட்டுவான்.