உதவி: பாட்டி முகத்தில் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள்

மாடிப்படி, காலை 10:40
அவசரம். பாட்டியை ஜன்னலோரம் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். வலது கன்னம் நீலம் பாரித்து வருகிறது, இடது கன்னம் மஞ்சள் பூசின மாதிரி இருக்கிறது. ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் செட்டிங்) மாற்றினால் ஒன்று சரியாகிறது, மற்றது இன்னும் கெட்டுப்போகிறது. நாளைக்கு ஃபிரேம் போடக் கொடுக்க வேண்டும். என்ன செட்டிங் வைப்பது? படம் இணைத்திருக்கிறேன்.

தூறல், 10:52
எந்தக் கேமரா? போனா? ஃபிளாஷ் அடித்தீர்களா? எத்தனை மணிக்கு எடுத்தது? ஜன்னல் எந்தப் பக்கம்?

பழையலென்ஸ், 10:58
லென்ஸாக இருக்கும். தோரியம் கலந்த கண்ணாடி போட்ட பழைய லென்ஸ்கள் நாளாக ஆக மஞ்சளாகிவிடும். என்னுடையதைச் சில வாரம் வெயிலில் வைத்துத்தான் தெளிய வைத்தேன்.

தூறல், 11:01
லென்ஸ் மஞ்சளானால் படம் முழுக்க அல்லவா மஞ்சளாகும்? ஒரு கன்னத்தை மட்டும் எப்படித் தேடிப் பிடிக்கும்?

எஃப்_பதினாறு, 11:15
தம்பி, செட்டிங் கேட்பதற்கு முன்னால் ஒளி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாங்களெல்லாம் ஒரு ரோலுக்கு 36 படம் என்று எண்ணி எண்ணிக் கற்றுக்கொண்டவர்கள். இதே கேள்விக்கு இங்கே பத்து இழையாவது இருக்கும். தேடிப் பாருங்கள்.

மாடிப்படி, 11:20
தேடினேன் சார். கிடைக்கவில்லை. அப்புறம், நான் தம்பி இல்லை.

ராக்கோழி, 11:24
கேமராவே நிறம் சேர்த்துச் சுருக்கித் தரும் ஜேபெக் ஃபைலாக எடுத்திருப்பீர்கள். சென்சாரில் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா (RAW) ஃபைலாக எடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

நிழல்தச்சன், 11:47
ரா இதற்கு மருந்து இல்லை. அதிலும் ஒயிட் பேலன்ஸ் படம் முழுவதற்கும் ஒன்றுதான்.

படத்தைப் பெரிதாக்கிப் பாட்டியின் கண்ணைப் பார்த்தேன். கருவிழியில் வலது கன்னத்துப் பக்கமாக ஜன்னல் விழுந்திருக்கிறது, நடுக்கம்பிகூடத் தெரிகிறது. எதிர்ப்பக்கம் மேலே, கடுகு அளவுக்கு மஞ்சளாக ஒரு புள்ளி. அறையில் பல்பு எரிந்துகொண்டிருந்ததா?

மாடிப்படி, 11:55
ஆமாம். அது எப்போதும் எரியும். அதைச் சொல்ல வேண்டுமா என்ன?

நிழல்தச்சன், 12:10
அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்! ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம், இறங்க இறங்க மஞ்சள். மஞ்சள் பல்பு சுமார் 2700 கெல்வின். வெயில் நேராக விழாத ஜன்னலில் வருவது வானத்து வெளிச்சம், அது 7000-க்கும் மேலே போகும். கேமராவால் ஒரு எண்ணைத்தான் வைத்துக்கொள்ள முடியும். பல்புக்குச் சரி செய்தால் ஜன்னல் பக்கம் நீலமாகும், ஜன்னலுக்குச் சரி செய்தால் பல்பு பக்கம் மஞ்சளாகும். நம் கண்ணும் மூளையும் இதைச் சமாளித்துவிடுவதால் நேரில் உறைக்காது.

பல்பை அணைத்துவிட்டு எடுங்கள். இடது கன்னம் இருட்டடிக்கும். அந்தப் பக்கம், படத்துக்குள் வராதபடி, ஒரு முழம் தள்ளி வெள்ளையாக எதையாவது நிறுத்துங்கள். வெள்ளைதான் வேண்டும், நிறத் துணி என்றால் அந்த நிறம் கன்னத்தில் ஏறிவிடும். பாட்டி மறுபடி உட்கார மாட்டார் என்றால், எடுத்த படத்தையே கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள். நிறச் சண்டை அதோடு முடிந்தது.

எஃப்_பதினாறு, 12:31
இதைத்தான் நானும் சொன்னேன். கூடவே, பாட்டியை ஜன்னலிலிருந்து தள்ளி உட்காரவைத்தால் வெளிச்சம் இன்னும் மென்மையாகும்.

தூறல், 12:38
தலைகீழ். கிட்டே வந்தால்தான் மென்மை. முகத்திலிருந்து பார்க்க ஜன்னல் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, நிழலின் ஓரம் அவ்வளவு கரையும்.

எஃப்_பதினாறு, 12:44
சூரியனைவிடப் பெரிய விளக்கு உண்டா? அதன் நிழல் ஏன் கத்தியால் வெட்டின மாதிரி விழுகிறது?

தூறல், 12:49
சூரியனின் குறுக்களவு சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். இருப்பது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி. வானத்தில் நமக்குத் தெரிவது அரை டிகிரிதான். அதே சூரியன் மேகத்துக்குப் பின்னால் போனால் வானம் முழுக்க விளக்காகிறது, நிழலே காணாமல் போகிறது.

ராக்கோழி, 12:53
தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். ஜன்னலை விட்டுத் தள்ளிப் போனால் படம் இருட்டத்தான் செய்யும்.

தூறல், 12:57
அந்தக் கணக்கு புள்ளி போன்ற விளக்குக்கு. பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் அவ்வளவு வேகமாகக் குறையாது.

எஃப்_பதினாறு, 1:05
புத்தகத்தில் படித்ததை ஒப்பிப்பது வேறு, வருஷக்கணக்காக எடுத்துப் பார்ப்பது வேறு.

நிழல்தச்சன், 1:09
எடுத்தே பார்த்துவிடலாமே சார். ஒரு முட்டையை ஜன்னலிலிருந்து ஒரு அடியில் ஒரு தடவை, ஆறு அடியில் ஒரு தடவை வையுங்கள். வெளிச்சம் நிழலாக மாறும் இடத்தைப் பாருங்கள். கிட்டே இருக்கும்போது அது அகலமாக, பட்டும் படாமலும் இருக்கும். தள்ளிப் போனால் கோடு கிழித்த மாதிரி ஆகிவிடும்.

எஃப்_பதினாறு, 1:16
முட்டையும் முகமும் ஒன்றா?

மாடிப்படி, மாலை 4:20
பல்பை அணைத்தேன், நிறம் சரியாகிவிட்டது. நாற்காலி முதுகில் வெள்ளை பெட்ஷீட் போட்டேன். பாட்டி இரண்டு படத்துக்கு மேல் உட்காரவில்லை. ஒன்று தேறியது. நன்றி.

தூறல், 4:26
சந்தோஷம். அந்தப் படத்தையும் போடுங்களேன். எந்தக் கேமரா என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

பழையலென்ஸ், இரவு 9:02
எதற்கும் லென்ஸை ஒரு தடவை வெயிலில் வைத்துப் பாருங்கள்.